பேஸ்மென்ட் ஏன் இப்படிக் குளிருது? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

ஜனவரி மாத எரிவாயு பில் கைக்கு வந்ததும் பலர் நேரே கடைக்குப் போய் நாலைந்து பொதி பிங்க் பஞ்சு (குளிரைத் தடுக்கும் கண்ணாடியிழை இன்சுலேஷன்) வாங்கி வந்து, பேஸ்மென்ட் சுவர் தெரியாதபடி அடைத்துவிடுகிறார்கள். ஸ்காபரோவில் வீடு வாங்கிய முதல் குளிருக்கு நானும் அதைத்தான் செய்தேன். மூன்றாவது கோடையில் அந்தச் சுவரை நானே உடைக்க வேண்டி வந்தது. பஞ்சு கறுத்து, பிழிந்தால் தண்ணீர் வரும் நிலையில் இருந்தது. அதற்கு முன்னால் இரண்டு வருடம் என் அப்பாவும் அம்மாவும் அந்த அறையில்தான் படுத்தார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் கஷ்டப்படும்.

ரொறன்ரோவைச் சுற்றி இருக்கும் எங்கள் வீடுகளில் பேஸ்மென்ட் வெறும் சாமான் அறை இல்லை. ஊரிலிருந்து வந்த பெற்றோர், படிக்க வந்த பிள்ளை, வாடகைக்கு இருக்கும் குடும்பம் என்று யாராவது கீழே வாழ்கிறார்கள். மேலே 21 பாகை இருக்கும்போது கீழே 16 என்றால், பில்லைவிட அவர்களுடைய உடம்புதான் பெரிய கவலை.

இன்சுலேஷன் இல்லாத 8 அங்குல கொங்கிறீட் சுவரின் ஆர் மதிப்பு, அதாவது வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும் அளவு, ஒன்றோ ஒன்றரையோதான். வெளியே மைனஸ் 10, உள்ளே 20 என்றால், நிலத்துக்கு மேலே தெரியும் சுவரில் ஒவ்வொரு சதுர மீற்றர் வழியாகவும் ஏறக்குறைய 100 வாட் வெப்பம் வெளியே போகும். பழைய குண்டு பல்பு ஒன்றை ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் இரவு பகலாக எரிய விட்டதற்குச் சமம். அதே சுவருக்கு ஆர் 12 போட்டால் அது 12 அல்லது 13 வாட்டாகக் குறையும். ஆர் 20 போட்டால் 8 வாட். ஒன்றுமில்லாத சுவருக்கு ஏதாவது போடுவதில்தான் பெரிய லாபம் இருக்கிறது. அதற்கு மேலே தடிப்பைக் கூட்டக் கூட்ட லாபம் சுருங்கிக்கொண்டே போகும். கனடாவின் இயற்கை வளத் துறை, வீட்டின் மொத்த வெப்ப இழப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பேஸ்மென்ட் வழியாகப் போவதாகச் சொல்கிறது.

ஆனால் இந்தக் கணக்கு காய்ந்த சுவருக்குத்தான் பொருந்தும். முதலில் தண்ணீர், அடுத்தது காற்று, அப்புறம்தான் பஞ்சும் பலகையும். இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள்.

பரிசோதனைக்கு அதிகம் தேவையில்லை. ஒரு ஊதுபத்தி, ஈரப்பதன் மானி, சுவரில் காட்டினால் வெப்பநிலை சொல்லும் அகச்சிவப்பு வெப்பமானி, ஒரு பிளாஸ்டிக் தாள், நல்ல ஒட்டும் டேப். மைனஸ் 10க்குக் கீழே இறங்கி, காற்றும் வீசுகிற ஒரு நாளாகப் பாருங்கள்.

"எங்கிருந்தோ குளிர்காற்று வருது, ஆனா யன்னல் எல்லாம் பூட்டித்தான் இருக்கு"

ஊதுபத்தியைக் கொளுத்தி, பேஸ்மென்ட் கூரையோரமாக, வெளிச்சுவரை ஒட்டி மெதுவாக நகர்த்துங்கள். அத்திவாரச் சுவர் முடிந்து வீட்டின் மரச்சட்டம் தொடங்கும் இடம் ஒன்று உண்டு. வேலை செய்பவர்கள் அதை ஹெடர் என்பார்கள். புகை அங்கே நேராக எழும்பாமல் படுக்கையாக உள்ளே ஓடினால், காரணம் அகப்பட்டுவிட்டது. மின்கம்பி, வெளிக்குழாய், உடுப்பு உலர்த்தியின் குழாய் எல்லாம் சுவரைத் துளைத்துக்கொண்டு போகும் இடங்களையும் இப்படியே பாருங்கள்.

குளிர்காலத்தில் வீட்டுக்குள் இருக்கும் சூடான காற்று மேலே எழும்பி, மேல்மாடி, கூரைக்கடியிலுள்ள அட்டிக் இடுக்குகள் வழியாக வெளியேறும். போன காற்றின் இடத்தை நிரப்ப, வீடு கீழே இருந்து குளிர்காற்றை உறிஞ்சும். உறிஞ்சுகிற இடம் பெரும்பாலும் இந்த ஹெடர்தான். அதனால் வீட்டில் ஒரே ஒரு வேலைக்குத்தான் காசு இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள் என்று யாருக்கும் சொல்வேன்.

பல வீடுகளில் அந்த இடத்தில் பஞ்சுத் துண்டைச் சும்மா செருகி வைத்திருப்பார்கள். அதை இழுத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் கறுத்திருந்தால், பஞ்சு காற்றை வடிகட்டிக்கொண்டு இருந்திருக்கிறது என்று அர்த்தம். அழுக்கு பஞ்சில் தங்கிவிடும், காற்று போய்க்கொண்டே இருக்கும். அதோடு வீட்டுக்குள் இருக்கும் ஈரக்காற்றும் பஞ்சைத் தாண்டிப் போய்க் குளிர்ந்த மரத்தில் பனியாகப் படியும். வசந்தத்தில் அது உருகி மரம் உக்கத் தொடங்கும்.

சரியான முறை இது. 2 அங்குல எக்ஸ்பிஎஸ் ஃபோம் பலகையை (விறைப்பான, தண்ணீர் ஊறாத இன்சுலேஷன் பலகை), ஒவ்வொரு மரச்சட்ட இடைவெளியையும் அளந்து, சுற்றிவர அரை அங்குலம் குறைத்து வெட்டுங்கள். உள்ளே வைத்து, சுற்றியுள்ள இடுக்கு முழுவதையும் டின்னிலிருந்து பீச்சினால் விரியும் ஃபோமால் நிரப்புங்கள். ஒவ்வொரு இடைவெளியின் அளவும் கொஞ்சம் மாறும். ஒரே அளவில் எல்லாவற்றையும் வெட்டி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினால் பலகைதான் வீண். இதில் இரண்டு கவனம் வேண்டும். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ், தண்ணீர்க் கொதிகலன் ஆகியவற்றின் சூடான புகைக்குழாய்ப் பக்கம் ஃபோம் போகவே கூடாது. அங்கே எரியாத பொருளும், குழாய்க்குச் சொல்லப்பட்ட இடைவெளியும் வேண்டும். ஃபோமை வெறுமனே தெரிய விடலாமா, மூட வேண்டுமா என்பதை உங்கள் நகரக் கட்டட ஆய்வாளரிடம் கேட்டுச் செய்யுங்கள். ஃபோம் தீப்பிடித்தால் வரும் புகை நஞ்சு.

வீடு ஐம்பதுகளில், அறுபதுகளில் கட்டிய பங்களோவா? அத்திவாரம் பொள்ளல் சீமெந்துக் கல்லாக இருக்கலாம். கல்லின் உட்துளைகள் கீழிருந்து மேல்வரை புகைபோக்கி மாதிரித் தொடர்ந்து போகும். மேல்வரிசைக் கல்லின் துளைகள் திறந்திருந்தால் அவற்றையும் அடைக்க வேண்டும். துளைக்குள் சாம்பல், பொன் நிறத்தில் மினுங்கும் சிறு கூழாங்கல் போன்ற ஒன்றைக் கண்டால் கையை எடுத்துவிடுங்கள். அது வெர்மிகுலைட்டாக இருக்கலாம். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து லிபி சுரங்கத்திலிருந்து வந்த வெர்மிகுலைட்டில் அஸ்பெஸ்டஸ் கலந்திருந்தது. அந்தச் சுரங்கம் 1990இல் மூடப்பட்டது, ஆனால் அதற்கு முன் போட்டது வீடுகளில் இன்னும் இருக்கிறது. தொடாமல் விட்டு, பரிசோதனைக்கு ஆளைக் கூப்பிடுங்கள்.

"சுவரின் மேல்பாதி ஐஸ் மாதிரி, கீழ்ப்பாதி அவ்வளவு இல்லை"

வெப்பமானியால் கூரையோரம், நடு, தரையோரம் என்று மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். மேலே 7, கீழே 14 என்று வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நிலத்துக்கு வெளியே நிற்கும் பகுதியில் மைனஸ் 15 அடிக்கிறது. ஆறடி ஆழத்தில் மண் குளிர்காலத்திலும் உறைவதில்லை. ரொறன்ரோப் பக்கம் உறைபனி இறங்கும் ஆழத்தை 4 அடி என்று எடுத்துத்தான் அத்திவாரம் போடுகிறார்கள்.

ஆகவே காசு குறைவென்றால் மேலிருந்து 4 அடி வரை முதலில் செய்யலாம். பழைய வீடுகளில் வெள்ளைப் பிளாஸ்டிக் உறை போட்ட பஞ்சுப் போர்வையைச் சுவரின் மேல்பாதிக்கு மட்டும் ஆணியடித்து விட்டிருப்பதும் இந்தக் கணக்கில்தான். ஆனால் கீழே ஆள் படுக்கிற அறையென்றால் தரைவரை கொண்டுபோங்கள். கட்டிலில் படுத்திருப்பவருக்கு முதுகுப்பக்கம் இருப்பது அந்தக் கீழ்ப்பாதிதான்.

"சுவரில் வெள்ளையாய் மாவு பூத்திருக்கு, பெயின்ட் உரியுது"

இங்கே நிறுத்துங்கள். பஞ்சு வேண்டாம், பலகை வேண்டாம். அந்த வெள்ளை மாவு உப்பு. மண்ணிலிருந்து கொங்கிறீட்டுக்குள் வந்த தண்ணீர் உள்ளே ஆவியாகும்போது உப்பை விட்டுவிட்டுப் போகிறது. சுவருக்குள் தண்ணீர் நடமாடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை.

மாவு இல்லாமல் ஈரலிப்பு மட்டும் தெரிந்தால், இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் அடித்துச் சுவரில் ஒட்டி இரண்டு மூன்று நாள் விடுங்கள். தாளின் அறைப்பக்கம் ஈரம் என்றால் அறைக்காற்றின் ஈரம் பனிக்கிறது. சுவர்ப்பக்கம் ஈரம் என்றால் தண்ணீர் வெளியிலிருந்து வருகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

வெளியிலிருந்து வரும் தண்ணீருக்கு முதல் வைத்தியம் வீட்டுக்கு வெளியேதான். மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஒரு தரம் நடந்து பாருங்கள். பீலி நிரம்பி வழிகிறதா? பீலிக் குழாய் அத்திவாரத்தின் காலடியிலேயே தண்ணீரைக் கொட்டுகிறதா? அதை 6 அடியாவது தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். மண் வீட்டை நோக்கிச் சரிந்திருந்தால் நிரப்பி வெளிப்பக்கம் சரியுங்கள். மூலையில் வைத்த பூச்செடிப் பாத்தி பல வருடத்தில் தாழ்ந்து, குளம் மாதிரி ஆகியிருப்பதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். ஆயிரக்கணக்கில் செலவு சொல்லப்பட்ட ஈரம் ஒன்று, ஒரு பீலிக் குழாயை நீட்டியதோடு நின்றதையும் கண்டிருக்கிறேன். அதற்குப் பிறகும் வந்தால் சுவர் வெடிப்பு, அத்திவாரத்தடி வடிகுழாய், குழியில் சேரும் தண்ணீரை வெளியே தள்ளும் சம்ப் பம்ப் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அது தொழில் தெரிந்தவரின் வேலை.

சரி செய்தபின் ஒரு வசந்தகாலம் முழுவதும் காத்திருங்கள். மார்ச், ஏப்ரலில் பனி உருகி, மேல் மழையும் சேரும்போது சுவர் காய்ந்தே இருந்தால் அப்புறம் தொடங்கலாம். ஒரு குளிர்கால பில்லைக் கூடுதலாகக் கட்டுவது, கட்டிய சுவரை உடைப்பதைவிட மலிவு.

"குளிருக்கு நல்லாத்தான் இருந்தது, ஆடி மாதத்தில் ஒரு மணம் வருது"

என் வீட்டில் நடந்தது இதுதான். நான் கொங்கிறீட்டோடு ஒட்டிப் பஞ்சை வைத்து, அதற்கு முன்னால் பிளாஸ்டிக் தாளை இறுக்கி அடித்து, ட்ரைவால் (ஜிப்சம் பலகை) போட்டிருந்தேன். பார்வைக்கு வடிவான வேலை. மூன்றாவது ஜூலையில் ஈரத்துணியை மூட்டையில் கட்டி வைத்த மாதிரி ஒரு மணம். தரையோரப் பலகையைக் கழற்றினபோது ட்ரைவாலின் அடிவிளிம்பு கடுதாசி மாதிரிக் கையோடு வந்தது. பிளாஸ்டிக்கின் பின்பக்கம் துளித்துளியாகத் தண்ணீர் நின்றது.

வெளியே மழையும் இல்லை, சுவரில் வெடிப்பும் இல்லை. தண்ணீர் இரண்டு வழியாக வந்திருந்தது. கோடை வெயில் சுவரின் வெளிப்பக்கத்தைச் சூடாக்க, கொங்கிறீட்டில் இருந்த ஈரம் உள்நோக்கி நகர்ந்து, ஏசியால் குளிர்ந்திருந்த பிளாஸ்டிக்கில் பனித்தது. மற்ற வழி அறைக்காற்று. 28 பாகை வெப்பத்தில் 70 சதவீத ஈரப்பதன் உள்ள காற்று, 22 பாகைக்குக் கீழே உள்ள எதைத் தொட்டாலும் தண்ணீர் விடும். ஜூலையில் பேஸ்மென்ட் சுவரின் அடி 16, 17 பாகையில்தான் இருக்கும். யன்னலைத் திறந்து காற்றாட விட்டால் ஈரம் போய்விடும் என்று ஊர்ப் பழக்கத்தில் நாங்கள் செய்ததும் ஈரத்தை உள்ளே கொண்டு வந்தது. இங்கே புழுக்கமான நாளில் பேஸ்மென்ட் யன்னலைப் பூட்டி, ஈரமுறிஞ்சி இயந்திரத்தை ஓட விடுவதுதான் சரி.

புது வீடு வாங்கியவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். வார்த்த கொங்கிறீட் முழுதாகக் காய ஓரிரு வருடம் எடுக்கும். முதல் கோடைகளில் பிளாஸ்டிக்கின் பின்னால் ஈரம் தெரிவது இதனாலும் இருக்கலாம். அவசரப்பட்டு மூடாதீர்கள்.

திரும்பக் கட்டியபோது கொங்கிறீட்டில் நேரே 2 அங்குல எக்ஸ்பிஎஸ் பலகையை ஒட்டினேன். ஃபோமுக்கென்று விற்கும் பசைதான் வேண்டும், சாதாரணப் பசை ஃபோமைக் கரைத்துவிடும். பொருத்துகளை எல்லாம் டேப் அடித்து, கீழும் மேலும் இடுக்குகளை அடைத்தேன். அறைக்காற்று குளிர்ந்த கொங்கிறீட்டைத் தொடவே கூடாது என்பதுதான் இதில் முக்கியம். அதற்கு முன்னால் மரச்சட்டம், சட்டங்களுக்கு இடையில் பஞ்சு, அப்புறம் ட்ரைவால். 2 அங்குலப் பலகை ஆர் 10, இரண்டுக்கு நாலு சட்டத்துக்குள் பஞ்சு ஆர் 12, ஆக 22. பலகையே ஆவித்தடுப்பாக வேலை செய்வதால் மேலே பிளாஸ்டிக் போடவில்லை. உங்கள் நகரத்து ஆய்வாளர் இதை ஏற்கிறாரா என்று முன்னமே கேளுங்கள். ட்ரைவாலின் அடிவிளிம்பு தரையைத் தொடாமல் அரை அங்குலம் உயர்ந்து நிற்க வேண்டும். சட்டத்தின் அடிமரத்துக்குக் கீழே ஒரு மெல்லிய ஃபோம் பட்டை போடுங்கள்.

காசு இருந்தால் சுவரில் நேரே பீச்சி அடிக்கும் மூடிய கண் ஸ்ப்ரே ஃபோம் இதைவிடச் சுத்தமான வேலை. அங்குலத்துக்கு ஏறத்தாழ ஆர் 6, இடுக்கெல்லாம் தானே அடைபடும். அடித்தபின் குறைந்தது ஒரு நாள் யாரும் வீட்டில் இருக்கக் கூடாது. கீழே கைக்குழந்தையோ ஆஸ்துமாக்காரரோ இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் வேறு இடத்தில் இருப்பது நல்லது.

பூஞ்சணத்தின் அளவையும் பாருங்கள். ஒரு சதுர மீற்றருக்குக் குறைவான திட்டென்றால் முகமூடி, கையுறை போட்டு நீங்களே துப்புரவாக்கலாம். அதைவிடப் பெரிதென்றால் தொழில் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். பெயின்ட் அடித்து மறைக்க வேண்டாம்.

"காலை வைக்க முடியல, தரை அப்படிச் சில்லிடுது"

தரை வழியாகப் போகும் வெப்பம் சுவரைவிடக் குறைவு, பில்லில் பெரிய மாற்றம் தெரியாது. ஆனால் கீழே இருப்பவரின் சுகத்துக்கு இது பெரிய விஷயம். கொங்கிறீட்டின் மேல் 1 அங்குல எக்ஸ்பிஎஸ், அதன் மேல் ஒட்டுப்பலகை போடலாம். அல்லது அடியில் குமிழ் வைத்த தயார்ப் பலகைகளை அடுக்கலாம். கூரை உயரத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள், கதவுகளின் அடியையும் வெட்ட வேண்டி வரும். வெறும் கொங்கிறீட்டின் மேல் நேரே கார்ப்பெட் போட்டால் அடியில் பூஞ்சணம் பிடிக்கும்.

"கோல்ட் ரூம் கதவுப் பக்கம் போனாலே நடுங்குது"

முன்வாசல் படிக்குக் கீழே இருக்கும் அந்தச் சின்ன அறையில்தான் எங்கள் அரிசி மூட்டை, வெங்காயம், ஊரிலிருந்து வந்த மிளகாய்த்தூள் எல்லாம் இருக்கும். அதன் கூரை வெளியே நீங்கள் நிற்கும் படியின் கொங்கிறீட். அதாவது அந்த அறை வீட்டுக்கு வெளியே இருக்கிறது. நாங்கள்தான் அதை உள்ளறை என்று நினைத்து, படுக்கை அறைக்குப் போடுகிற பொள்ளல் கதவைப் போட்டு வைத்திருக்கிறோம். கதவின் அடியில் ஒரு விரல் இடைவெளி வேறு.

அறைக்குள் இன்சுலேஷன் போடாதீர்கள். வீட்டுக்கும் அந்த அறைக்கும் நடுவிலுள்ள சுவரை வெளிச்சுவராக நினைத்து மூடுங்கள். கதவை மாற்றி, உள்ளே ஃபோம் நிரப்பிய இரும்பு வெளிக்கதவு, சுற்றிவர ரப்பர் பட்டை, அடியில் வாசற்படிக் கட்டை போடுங்கள். அறைக்கென்று உள்ள காற்றுத் துவாரங்களை மூடக் கூடாது. மூடினால் கூரையில் தண்ணீர் பனித்து, மிளகாய்த்தூள் கட்டியாகிவிடும். அரிசி மூட்டையைச் சுவரில் சாத்தாமல் மரத்தட்டின் மேல், நாலு விரல் தள்ளி வையுங்கள்.

"எல்லாம் செய்தாச்சு, இன்னும் கீழே 17தான்"

சுவர்கள் 18, 19 பாகை காட்டியும் அறை குளிர்ந்தால், சூடு வந்து சேரவில்லை. பல பேஸ்மென்ட்களில் சூடான காற்று கூரையில் உள்ள துவாரத்தால் வரும், திரும்பிப் போக வழியே இருக்காது. சூடு கூரையடியில் நின்றுவிடும், குளிர் தரையில் தேங்கும். தரையோரத்தில் ஒரு திரும்புகாற்றுத் துவாரம் வைத்தால் அறை மாறிவிடும். ஃபர்னஸ் நிற்கும் அறைக்குள் மட்டும் அதைத் திறக்கக் கூடாது, புகையை உள்ளே இழுத்துவிடும். தகரக் குழாய்ப் பொருத்துகளில் கையை வைத்துப் பாருங்கள். காற்று கசிந்தால் அலுமினியத் தாள் டேப் ஒட்டுங்கள். சாம்பல் நிறத் துணி டேப் சூட்டில் காய்ந்து கழன்றுவிடும்.

தெர்மோஸ்டாட் மேலே இருந்தால் மேல்மாடி சூடானதும் ஃபர்னஸ் நின்றுவிடும். இது வாடகைக்கு விட்ட பேஸ்மென்ட் என்றால் ஒன்றை மறக்க வேண்டாம். ரொறன்ரோ நகர விதிப்படி, சூட்டைக் கொடுப்பது வீட்டுக்காரர் என்றால் குளிர்காலத்தில் 21 பாகைக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும்.

"இப்ப யன்னலெல்லாம் வேர்க்குது"

காற்று கசிவு நின்றுவிட்டது என்பதன் அடையாளம் இது, ஆனால் விட்டுவிடக் கூடாது. முன்பு இடுக்குகளால் போன ஈரம் இப்போது வீட்டுக்குள்ளேயே நிற்கிறது. புட்டு அவித்து, சோறு வடித்து, உடுப்பைக் கீழே கொடியில் காயப்போட்டால் ஈரப்பதன் 50ஐத் தாண்டிவிடும். 20 பாகை அறையில் 50 சதவீதம் என்றால் 9 பாகைக்குக் கீழுள்ள கண்ணாடியில் தண்ணீர் விடும். கடுங்குளிர் நாளில் மானி 30, 35ஐக் காட்டினால் நல்லது. சமைக்கும்போது வெளியே தள்ளும் ஃபேன், எச்ஆர்வி (சூட்டை மீட்டுக்கொண்டு வீட்டுக் காற்றை மாற்றும் கருவி) இருந்தால் அதை நிறுத்தாமல் ஓட விடுதல், இரண்டும் வேண்டும்.

இதோடு சேர்ந்த ஒரு ஆபத்தும் இருக்கிறது. புகைபோக்கியால் தானாகப் புகை போகும் பழைய தண்ணீர்க் கொதிகலன் உள்ள வீட்டை இறுக்கி அடைத்தபின், குசினி ஃபேனும் உலர்த்தியும் ஒன்றாக ஓடினால் புகை திரும்பி உள்ளே வரலாம். இரண்டையும் ஓட விட்டு, கொதிகலன் எரியும்போது அதன் தலைப்பகுதியில் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை மேலே இழுபடாமல் அறைக்குள் திரும்பினால் அன்றைக்கே எரிவாயுத் தொழில்நுட்பரைக் கூப்பிடுங்கள். ஒன்ராறியோவில் இப்படி எரிபொருள் எரிக்கும் கருவி உள்ள வீட்டில் கார்பன் மொனொக்சைட் (அந்தப் புகையில் வரும் நச்சு வாயு) அலாரம் சட்டப்படி கட்டாயம். கீழே படுப்பவரின் அறைக்கு வெளியே ஒன்று இருக்கட்டும்.

ரேடனையும் அளந்துவிடுங்கள். மண்ணிலிருந்து வரும் இந்தக் கதிரியக்க வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சுகாதாரத் துறை வைத்த எல்லை கன மீற்றருக்கு 200 பெக்கரல். குளிர்காலத்தில் மூன்று மாதம் வைத்து அளக்கும் கருவிதான் நம்பத்தக்கது.

"பில் குறையவே இல்லை"

டொலரைப் பார்க்க வேண்டாம், எரித்த எரிவாயுவின் கன மீற்றரைப் பாருங்கள். விலை ஏறினால் டொலர் ஏறும். போன ஜனவரியைவிட இந்த ஜனவரி குளிர் என்றால் கன மீற்றரும் ஏறும். அதனால் டிகிரி நாள் கணக்கோடு வகுத்துப் பாருங்கள். ஒரு நாளின் சராசரி வெப்பநிலை 18 பாகைக்கு எத்தனை பாகை கீழே என்பதுதான் அந்த நாளின் கணக்கு. சராசரி மைனஸ் 7 என்றால் 25. கனடா வானிலைப் பதிவுகளில் மாதக் கணக்கு இலவசமாகக் கிடைக்கும். வேலைக்கு முன் ஒரு மாதம், பின் ஒரு மாதம் எடுத்து, எரித்த கன மீற்றரை டிகிரி நாளால் வகுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அது குறைந்திருந்தால் வேலை பலன் தந்திருக்கிறது. குறையவில்லை என்றால் ஊதுபத்தியை எடுத்துக்கொண்டு திரும்பவும் ஹெடருக்குப் போங்கள். அங்கேயும் ஒன்றும் இல்லாவிட்டால் அட்டிக்கைப் பாருங்கள்.

நூறு வருடத்துக்கு முந்திய, கருங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய அத்திவாரமா? மேலே சொன்ன எதையும் நேரே செய்துவிட வேண்டாம். வீட்டின் சூடு கல்லுக்குப் போவதை நிறுத்தினால் சுவருக்குள் இருக்கும் ஈரமும் அதை ஒட்டிய மண்ணும் உறைந்து, கல்லைத் தள்ளி அசைக்கலாம். அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரு பொறியியலாளர் முதலில் வந்து பார்க்கட்டும். மானியம் கேட்க எண்ணியிருந்தாலும் முதல் ஆணிக்கு முன்னமே விசாரியுங்கள். பல திட்டங்களில், வேலை தொடங்குமுன் சக்திப் பரிசோதகர் வந்து வாசலில் பெரிய காற்றாடி வைத்து வீட்டின் காற்றுக் கசிவை அளந்த பதிவு இருந்தால்தான் காசு கிடைக்கும்.